பழசுப் பெட்டியில் இருந்த பாட்டு

ஒலிபெருக்கி கட்டும் தொழில்காரர் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். பழைய ஆள் என்று என்னிடமும் எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கொப்பியில் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் போடவும்.

கேட்டு வந்தவர் இப்போது மன்னாரில் பெரிய ஒலிபெருக்கி செற் வைத்திருக்கும் ஒரு தம்பி. கையோடு கொண்டு வந்த கொம்பியூட்டரைத் திறந்து காட்டினார். பாட்டுகளைக் காலம் காலமாகப் பிரித்து வைத்திருந்தார். நான் ஒருகாலத்தில் புதுசு என்று போட்ட பாட்டெல்லாம் 'பொற்காலம்' என்ற தலைப்பின் கீழ் கிடந்தது.

"இது பொற்காலமோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. சனம் அப்பிடித்தான் கேக்குது."

அந்தப் பொற்காலத்தில் பாதி நாள் நாங்கள் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தோம்.

விடத்தல்தீவில் காசிம் நானாவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. முதல் இரண்டு வருடம் பனையில் ஏறி ஒலிபெருக்கி ஹோன் கட்டினேன். பிறகு வயர் இழுத்தேன். பிறகு பக்கத்தில் இருந்து கசெற் மாற்றினேன். கடைசியாக மைக்கைத் தந்தார். பழகியது அவ்வளவுதான்.

காசிம் நானா சத்தம் போடாத மனிதர். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்தவர், வீட்டில் மனைவியைக் கூப்பிடுவதென்றாலும் எழுந்து போய்த்தான் கூப்பிடுவார். வெள்ளைச் சாரம், முழங்கை வரை மடித்த சேட். கோவில் திருநாள், கந்தூரி, கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தில் அவருடைய செற்தான்.

அவரிடம் மூன்று தகரப் பெட்டிகள் இருந்தன. மூடியில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதியிருக்கும். புதுசு. இடைக்காலம். பழசு. பக்திப் பாட்டு தனியாக ஒரு பையில் இருக்கும்.

கலியாண வீட்டுக்கு ஓர் ஒழுங்கு. விடிய பக்திப் பாட்டு. வெயில் ஏற முதல் பழசு. சமையலுக்கு உதவ வந்த வயதானவர்கள் அந்த நேரம்தான் இருப்பார்கள். விருந்தாளிகள் வரத் தொடங்கினால் இடைக்காலம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் தாலி கட்டி வந்துவிட்டால் புதுசு.

சனம் துண்டுக் கடதாசியில் பாட்டும் பெயரும் எழுதித் தரும். அதை மைக்கில் வாசித்துவிட்டுப் பாட்டைப் போட வேண்டும். பழசு போகும் நேரத்தில் அந்த வீட்டில் செத்துப்போனவர்களின் பெயரைச் சொல்லி, "அன்னாரின் நினைவாக" என்று வாசிப்போம். இருப்பவர்களின் பெயர் புதுசு போகும் நேரத்தில் வரும். அவர்களுக்கு, "இப்பாடலை விரும்பிக் கேட்பவர்" என்று வாசிப்போம். இந்த இரண்டும்தான். மூன்றாவது கிடையாது.

காசிம் நானா துண்டை வாங்கினால் உடனே வாசிக்க மாட்டார். தனக்குள் இரண்டுதரம் வாசிப்பார். பிறகு ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, தந்த ஆளிடம் கேட்பார்.

"இவர் இருக்கிறாரோ?"

சொந்த மச்சானின் பெயர் என்றாலும் கேட்பார். ஒருமுறை ஒருவர் தன்னுடைய பெயரைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். அவரிடமும் விரலை வைத்துக் கேட்டார்.

"நானா, கண்ணுக்கு முன்னாலை நிக்கிறன். தெரியேல்லையோ?"

"தெரியுது. கேக்கிறது என்ர வேலை. நீங்க ஓமெண்டு சொல்லுங்க."

"ஓம் நானா, இருக்கிறன். மனிசி உயிரோடை விட்டு வைச்சிருக்கிறாள்."

அதன் பிறகுதான் வாசித்தார்.

வருடத்துக்கு ஒருதரம், மாரி மழை தொடங்கி வேலை இல்லாத நாட்களில், பெட்டிகளைப் பாயில் கொட்டிப் பிரிப்போம். புதுசில் இருந்து இடைக்காலத்துக்கு, இடைக்காலத்தில் இருந்து பழசுக்கு. அவர் வருடம் பார்க்க மாட்டார். வருடம் முழுக்கச் சனத்தைப் பார்த்து வைத்திருப்பார். பாட்டுப் போனபோது சட்டி கழுவும் பெண்கள் கூடச் சேர்ந்து பாடினால் அது இடைக்காலம். கதிரையில் இருந்து கதைக்கும் ஆம்பிளைகள் கதையை நிற்பாட்டிவிட்டுக் கேட்டால் அது பழசு. இந்தக் கணக்குப் பிழைத்ததை நான் காணவில்லை.

பெட்டி மாற்றியதால் கோபித்தவர்களும் உண்டு. ஒரு மாஸ்டர் தன்னுடைய கலியாணத்துக்குப் போட்ட பாட்டு பழசுப் பெட்டிக்குள் கிடப்பதைக் கண்டுவிட்டார்.

"என்ன நானா, எனக்குக் கலியாணம் முடிஞ்சு பதினைஞ்சு வருசம்தான். அதுக்குள்ளை பழசோ?"

"பாட்டைத்தான் போட்டன் மாஸ்டர். உங்களைப் போடேல்ல."

"அடுத்த மாரிக்கு என்னையும் தூக்கிப் போடுவியள் போல."

"மூடி பூட்டுப்படாது. அதாலை போடேல்ல."

மாஸ்டர் கொஞ்சம் பருத்த ஆள்.

என்னுடைய தகப்பன் சினிமாப் பாட்டு எதையும் கூத்தாடிப் பாட்டு என்றுதான் சொல்லுவார். அவர் அப்படிப் பேசிய பாட்டுகளை இப்போது கருத்துள்ள பாட்டு என்கிறார்கள். பாட்டு அதேதான்.

தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம் சனம் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட அந்த வருடத் தொடக்கத்தில், எங்கள் ஊரில் அருளப்பு என்ற தொழிலாளிக்கும் ரெஜினாவுக்கும் கலியாணம் நடந்தது. அருளப்பு கடலில் தடி நட்டு வலை கட்டும் களங்கண்டியில் மீன் பிடிப்பவர். அவர்கள் வீட்டுக்கும் நாங்கள்தான் செற் கட்டினோம். அப்போதுதான் வந்த ஒரு பாட்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது, நடுவில் ஒரு விசில் வரும். அருளப்பு மாப்பிள்ளைக் கோலத்தில் எழுந்து வந்து அதைத் திருப்பிப் போடச் சொன்னார். மூன்றுதரம் போட்டோம். மூன்றாம் தரம் அந்த விசிலைத் தானே அடித்தார். பொம்பிளை வீட்டார் சிரித்தார்கள். பாட்டு புதுசுப் பெட்டியில் இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் காசிம் நானாவும் அந்தச் சனத்தோடு, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனார். ஒரு பைதான் கொண்டுபோக முடிந்தது. செற்றையும் பெட்டிகளையும் என்னிடம் விட்டார். "பூஞ்சணம் பிடிக்காமப் பார்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து அருளப்பு இலுப்பைக்கடவைக்கு கோதுமை மா வாங்கச் சைக்கிளில் போனார். திரும்பி வரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. யார் கொண்டுபோனது என்று இன்றைக்கும் தெரியாது. ரெஜினா கைக்குழந்தையோடு கொஞ்சக் காலம் தேடினார். பிறகு படகில் ஏறி இந்தியாவுக்குப் போய் முகாமில் இருந்தார்.

நான் இங்கேயே இருந்தேன். கலியாணங்கள் நடந்தன. கறண்ட் இல்லை. மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டிப் பாட்டுப் போட்டேன். புதுப் பாட்டுகள் எங்கள் பக்கம் வருவது குறைந்தது. புதுசுப் பெட்டியில் இருந்தது அப்படியே இருந்தது. கடைசியாக எல்லாரும் இடம்பெயர்ந்தபோது மூன்று பெட்டிகளையும் பொலித்தீனால் சுற்றி வளவுக்குள் குழி வெட்டித் தாட்டுவிட்டுப் போனேன்.

சண்டை முடிந்து திரும்பி வந்து கிண்டியபோது பாதிக் கசெற் சரி. காசிம் நானாவும் புத்தளத்தில் இருந்து வந்து சேர்ந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. கூரை இல்லாத தன் வீட்டுக்குள் கதிரை போட்டு இருந்துகொண்டு பெட்டியைத் திறக்கச் சொன்னார். புதுசுப் பெட்டிக்குள் ஒரு கசெற்றை எடுத்துப் பார்த்தார்.

"இது இன்னும் புதுசோ?"

"நீங்கள் வைச்சபடிதான் வைச்சிருக்கிறன் நானா."

"என்ர பேரன் இதை வாப்பான்ர பாட்டு எண்டு சொல்றான். தள்ளு. எல்லாத்தையும் பழசுக்குத் தள்ளு."

தள்ளினேன். இருபது வருட வேலையை ஒரு பின்னேரத்தில் செய்து முடித்தோம். புதுசுப் பெட்டி வெறுமையானது. மன்னாருக்குப் போய் புதுப் பாட்டுகள் அடித்த சீடீ வாங்கி நிரப்பினேன்.

ஊரில் அப்போது மூன்று மாதிரிச் சனம். புத்தளத்தில் இருந்து வந்தவர்கள் கொழும்பு ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள். இந்திய முகாமில் இருந்து வந்தவர்களுக்கு எல்லாப் பாட்டும் பாடம். எங்களோடு இருந்தவர்களுக்கு எந்தப் பாட்டு எந்த வருடம் வந்தது என்றே தெரியாது. ஒரே பந்தலில் ஒரே பாட்டை ஒருவர் புதுசு என்பார், ஒருவர் எப்போதோ கேட்டது என்பார். நான் பெட்டியை மட்டும் நம்பினேன். அதில்தான் பிழை வந்தது.

மீளக் குடியேறிய பிறகு வந்த முதல் வேதக்கோவில் திருநாள். சரியான சனக்கூட்டம். துண்டு கை நிறைய வந்தது. முகாமில் இருந்து திரும்பிய ரெஜினாவும் மகள் மேரியோடு வந்திருந்தார். துண்டைத் தந்துவிட்டுப் போய்விட்டார். அந்த விசில் வரும் பாட்டு. கீழே மூன்று பெயர். அருளப்பு, ரெஜினா, மேரி. நான் பழசுப் பெட்டியைத் திறந்து கசெற்றை எடுத்தேன். எடுத்த கையோடு வாயில் வந்ததை வாசித்தேன். "அருளப்பு அவர்களின் நினைவாக, மனைவி ரெஜினா, மகள் மேரி."

ஒருவரிடமும் கேட்கவில்லை. விரலும் வைக்கவில்லை.

பாட்டு முடிய முதல் ரெஜினா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அழவில்லை.

"அண்ணை, அவர் செத்த செய்தி உங்களுக்கு வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை."

"வந்தால் எனக்கும் சொல்லியிருப்பியள் எண்டுதான் கேட்டனான்."

"பிழை விட்டிட்டன். திருப்பி வாசிக்கிறன்."

"வேண்டாம். கேட்ட காது கேட்டுட்டுது."

கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல், பூசையில் வாசிக்கச் செத்தவர்களின் பெயரை எழுதிக் கோவிலில் கொடுப்பது எங்கள் வழக்கம். ரெஜினா அங்கே தாய் தகப்பன் பெயரைக் கொடுப்பார். அருளப்பு பெயரைக் கொடுத்ததில்லை. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னபோதும் எடுக்கவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

காசிம் நானாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"பாட்டைத்தான் தள்ளச் சொன்னன். ஆளைத் தள்ளச் சொல்லேல்லையே" என்றார்.

அடுத்த வருடம் அவர் காலமானார்.

பிறகு மேரிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை இலுப்பைக்கடவை. ரெஜினா செற்றுக்கு என்னிடம்தான் சொல்ல வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. துண்டை அப்போதே எழுதிக் கொண்டு வந்திருந்தார். அதே பாட்டு. 'விரும்பிக் கேட்பவர், மணமகளின் தந்தை அருளப்பு.' மனைவி பெயர், மகள் பெயர் ஒன்றும் இல்லை.

நான் பெயரில் விரலை வைத்தேன்.

"இவர் இருக்கிறாரோ?"

"ஓம்" என்றார். பிறகு, "பழசு போற நேரத்திலை போடாதேங்கோ. மாப்பிள்ளை பொம்பிளை வந்த பிறகு போடுங்கோ" என்றார்.

ஒழுங்கை மீறச் சொல்கிறார். புதுசு போகும் நேரத்தில் இருபது வருடத்துப் பாட்டைப் போட்டால் இளம் பெடியள் கூ என்று கத்திக் கூக்காட்டுவார்கள். போடுகிறேன் என்று சொன்னேன்.

கலியாணத்தன்று பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். புதுசு போய்க்கொண்டிருந்தது. பெடியள் பந்தலுக்கு வெளியே ஆடினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சவிரிமுத்தர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். கந்தோரில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். நிதானமான மனிதர். சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தார். அழகான எழுத்து. அதே பாட்டு. 'மணமகளின் தந்தை, காலஞ்சென்ற அருளப்பு அவர்களின் நினைவாக.'

"ரெஜினா தந்த துண்டு உங்களிட்டை இருக்கெண்டு தெரியும். அதை விட்டிட்டு இதை வாசியுங்கோ."

"ஏன் ஐயா?"

"என்ரை பக்கத்துச் சனம் நிறைய வந்திருக்குது. தகப்பன் இருக்கிறார் எண்டு மைக்கிலை சொன்னால் என்ன கேக்குங்கள்? இருந்தால் ஏன் கலியாணத்துக்கு வரேல்லை எண்டு கேக்குங்கள். குடும்பத்தை விட்டிட்டு ஓடினவனோ, வேறை குடும்பம் வைச்சிருக்கிறானோ எண்டு கேக்குங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு எங்கடை வீட்டிலை வந்து இருக்க வேணும். செத்தவர் எண்டால் ஒருத்தரும் வாய் திறக்காயினம்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் சொன்னார்.

"ரெஜினா ஓமெண்டு சொல்லித் தந்தவ" என்றேன்.

"நானும் என்ரை மூத்தவனுக்குச் சான்றிதழ் எடுத்தனான் தம்பி. கடைசிச் சண்டையிலை துலைஞ்சவன். எடுக்கிற வரைக்கும் வீட்டிலை ஒருத்தரும் ஒழுங்காச் சாப்பிடேல்லை. எடுத்து, பூசை ஒப்புக்குடுத்தாப் பிறகுதான் மனிசி அடுப்பு மூட்டினவள். ஒரு முடிவு வேணும். எல்லாருக்கும் வேணும்."

இரண்டு துண்டும் மேசையில் கிடந்தன. பாட்டு முடியப் போகிறது. நான் அவருடைய துண்டை எடுத்து அருளப்பு என்ற பெயரில் விரலை வைத்தேன்.

"ஐயா, இவர் இருக்கிறாரோ?"

"அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"இல்லையெண்டு சொல்லுங்கோ. வாசிக்கிறன்."

அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆடிக்கொண்டிருந்த பெடியளைப் பார்த்தார்.

"நான் என்னெண்டு சொல்லுறது? ஆருக்குத் தெரியும்?" என்றார்.

அவருடைய துண்டை அவரிடமே கொடுத்தேன். மைக்கை எடுத்தேன்.

"அடுத்த பாடல். இப்பாடலை விரும்பிக் கேட்பவர், மணமகளின் தந்தை அருளப்பு."

கதைத்துக்கொண்டிருந்த சனம் கதையை நிற்பாட்டியது. பாட்டுத் தொடங்கியது. ஒரு பெடியன், "என்ன அண்ணை, பழசு?" என்று கத்தினான். மற்றவன் அவன் முதுகில் அடித்தான். ஆட்டம் நின்றது. குசினிப் பக்கமிருந்து ரெஜினா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பந்தல் காலடியில் நின்றார். விசில் வந்த இடத்தில் தலையைக் குனிந்தார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. மணவறையில் இருந்த மேரி தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் ரெஜினா உள்ளே போய்விட்டார். சோறு இறக்க வேண்டிய நேரம்.

சனம் ஓடினவன் என்று கதைத்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது. என் மேசைக்கு வந்த கதை வேறு. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை பக்கத்து மனுசி ஒருவர் துண்டோடு வந்தார். காணாமல் போன தன் தம்பியின் பெயர். விரலை வைத்துக் கேட்டேன். "ஓம்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். அவருக்குப் பின்னாலும் ஆள் நின்றது. துண்டு முடிந்து, சீடீ உறைகளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்கள். கேட்டது முழுக்கப் பழசு. எல்லாவற்றையும் விரும்பிக் கேட்பவர் என்று வாசித்தேன். பெடியள் ஓரமாகப் போய் இருந்துவிட்டார்கள். ஒருவரும் கூக்காட்டவில்லை.

சவிரிமுத்தர் எழும்பிப் போகவில்லை. நான் கொடுத்த துண்டை மடித்தபடி பக்கத்திலேயே இருந்தார். சனம் குறைந்த பிறகு பேனையை எடுத்தார். அதே துண்டின் மற்றப் பக்கத்தில் ஒரு பெயரை எழுதி என் முன்னால் வைத்தார். ஒரு பெடியன் பெயர். பாட்டு எழுதவில்லை. மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை.

"என்னெண்டு வாசிக்கிறது ஐயா?"

"பேரை மட்டும் வாசியுங்கோ."

"பாட்டு?"

"புதுசா ஒண்டு போடுங்கோ. மூத்தவன் பழசு கேக்கமாட்டான்."

பெயரை மட்டும் வாசித்தேன். அந்த வருடம் வந்த பாட்டு ஒன்றைப் போட்டேன். பெடியள் எழும்பித் திரும்ப ஆட வந்தார்கள். அவர் கதிரையை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டு, பாட்டு முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.